கெடுத்துப் பாடு

நம் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு,

பாட எழுந்தால் பயமாக இருக்கிறது, என்ன செய்யட்டும் என்று உங்களில் மூன்று பேர் தனித்தனியாக வந்து என்னிடம் கேட்டீர்கள். மூன்று பேருமே, மற்ற இரண்டு பேருக்கும் தெரிய வேண்டாம் என்று சொல்லித்தான் கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். தப்பாக நினைக்க வேண்டாம். ஒருவர் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச எனக்கு இன்றைக்கும் வராது. முப்பது வருஷத்துக்கு மேல் ரேடியோவிலும் திருவிழாக்களிலும் பாடியவள் இப்படிச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். என் படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. பிழை இருந்தால் உங்களுக்குள் சிரித்துக்கொள்ளுங்கள், என் எதிரில் வேண்டாம்.

எழுதப் போவது என்னைப் பற்றி இல்லை. இன்னொருத்தியைப் பற்றி. அவள் பெயரைப் போடக் கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள். "பேரு கீரு போட்டியோ, அந்தக் காயிதத்த அடுப்புல வச்சிடுவேன்" என்றாள். எங்கள் வேலைக் கொட்டகையில் அவளைக் கைப்பிடிக்காரி என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரே இருக்கட்டும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளின் புகைபோக்கிகள் புகைந்துகொண்டிருந்த காலம். நான் ஒரு கம்பெனியில் கோப்பை துடைக்கிற வேலையில் இருந்தேன். அச்சிலிருந்து எடுத்த கோப்பையின் இரண்டு பக்கமும் தையல் மாதிரி ஒரு மேடு இருக்கும். ஈர ஸ்பாஞ்சால் அதை வழித்து எடுக்க வேண்டும். சூளைக்குப் போகாத பச்சைக் கோப்பை, கொஞ்சம் அழுத்தினாலும் கையிலேயே உட்கார்ந்துவிடும். நான் துடைத்துத் தள்ளினால் பக்கத்தில் இருக்கிறவள் கைப்பிடி ஒட்டுவாள். அவள்தான் இவள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். பள்ளிக்கூடப் படியை மிதித்ததில்லை. வாய் மட்டும் பேருந்து நிலையம் வரைக்கும் கேட்கும்.

கொட்டகையில் முப்பது பெண்கள் இருந்தோம். வேலை செய்துகொண்டே பாடுவோம். பெரும்பாலும் நடவுப் பாட்டுதான். நல்லூர்ப் பக்கம் வயலில் என் அம்மா பாடியதெல்லாம் எனக்கு வரும். நான்தான் எடுத்துக் கொடுப்பேன், மற்றவர்கள் பின்னால் வாங்கிப் பாடுவார்கள். குனிந்த தலை நிமிராமல், கோப்பையைப் பார்த்துக்கொண்டே ஒரு நாள் பூராவும் பாடுவேன். ஆனால் நிமிரச் சொன்னால் தீர்ந்தது. ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு முதலாளி குடும்பம் வந்திருந்தபோது என்னை எழுப்பி நிறுத்திப் பாடச் சொன்னார்கள். முதல் வரியில் பாதிதான் வந்தது. மீதியை விட்டுவிட்டுக் களிமண் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். பொரி கொடுக்கக் கூப்பிட்டபோதும் வரவில்லை. என் பங்கைக் கைப்பிடிக்காரிதான் வாங்கி வந்து கொடுத்தாள். "தொட்டிக்குக் கச்சேரி பண்ணிக்கிட்டு இருக்கியா?" என்று கேட்டாள்.

அந்த வருஷம் புதுசாக ஒரு சூப்பர்வைசர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. வேலை ஒழுங்காக நடக்க வேண்டும் என்று நினைக்கிறவர். வந்த பத்தாம் நாள் கொட்டகையில் நின்று, "இனிமே பாட்டுப் பாடக் கூடாது. பாட்டுக்குக் கை ஆடுது. அதான் கோப்பை விரிசல் வுடுது" என்றார்.

எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். கைப்பிடிக்காரி மட்டும் கேட்டாள்:

"ஏங்க ஐயா, போன வாரம் ஆபீஸ் மேசை மேல இருந்த ஜாடி வுழுந்து ஒடஞ்சுதே. அங்க யாருங்க பாடுனது?"

கொட்டகையே சிரித்தது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு சத்தம் கூடாது என்று ஆகிவிட்டது. பாட்டில்லாமல் வேலை செய்து பார்த்தால்தான் தெரியும். பகல் நீண்டுகொண்டே போகும். மத்தியானத்துக்கு மேல் கண் சொருகும். விரிசல் குறையவில்லை. ஆனால் அதை யார் போய்ச் சொல்வது?

அதற்கு முன்னால் ஒரு நாள் ரேடியோ நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி, கம்பெனியைப் பற்றிப் பேச்சுப் பதிவு செய்ய வந்திருந்தார். கொட்டகை வாசலில் நின்று எங்கள் பாட்டைக் கேட்டவர், கிராமியப் பாட்டுக்குக் குழு எடுக்கிறோம், ஐந்து பேராக மனுப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் அதைச் சிரித்துக்கொண்டே மறந்துவிட்டோம். பாட்டு நின்ற பிறகு கைப்பிடிக்காரிக்கு அது ஞாபகம் வந்தது. நேராக மேனேஜர் அறைக்குப் போய்விட்டாள்.

"ரேடியோவுல எங்கள எடுத்துக்கிட்டா, கொட்டாயில பாட வுடுவீங்களா ஐயா?"

மேனேஜர் சிரித்தாராம். "எடுத்துக்கிட்டாங்கன்னா பாடுங்க. இல்லன்னா அதோட பேச்சு கிடையாது" என்றாராம். சூப்பர்வைசரும் பக்கத்தில் நின்று தலையாட்டினாராம்.

மனுவில் ஐந்து பெயர் எழுதினோம். மேரி, செல்லம்மா, பாக்கியம், கைப்பிடிக்காரி, நான். ஒரு மாதத்தில் குரல் தேர்வுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அதில் ஒரு வரி இருந்தது. ஒவ்வொருவரும் முதலில் தனியாகப் பாட வேண்டும், ஐந்து பேரும் தேறினால்தான் குழு. ஒருத்தி தவறினாலும் குழு இல்லை. அந்த வரியை நான்தான் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். படித்த அந்த நிமிஷத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலைப் பாசஞ்சரில் கிளம்பினோம். பெண்ணாடம் தாண்டிக் கரும்புக் காடு வந்தபோது மேரி ஜெபமாலையை எடுத்தாள். செல்லம்மா முந்தானையில் மிளகு முடிந்து வந்திருந்தாள், ஆளுக்கு நாலு கொடுத்தாள். "தொண்ட தெறந்துக்கும்" என்றாள். எனக்குத் தொண்டை எரிந்ததுதான் மிச்சம். மிளகு, தேன், கற்கண்டு என்று உங்களுக்கும் நிறையப் பேர் சொல்வார்கள். சாப்பிடுங்கள், கெடுதல் இல்லை. தொண்டையில் இருக்கிற கோளாறுக்குத்தான் அது மருந்து. என் கோளாறு தொண்டையில் இல்லை.

ரேடியோ நிலையத்தில் ஒரு நீளமான நடை. அதில் பெஞ்சு போட்டிருந்தது. எங்களுக்கு முன்பே பத்துப் பேர் இருந்தார்கள். ஜரிகை அங்கவஸ்திரம் போட்ட வித்வான் ஒருவர், அவருக்குத் தம்புரா பிடித்துக்கொண்டு ஒரு சிஷ்யை, வயலினோடு ஒருவர், இன்னும் யார் யாரோ. எல்லாருக்கும் செருப்பு இருந்தது. எங்கள் ஐந்து பேரில் மேரிக்கு மட்டும்தான் இருந்தது.

கிராமியப் பாட்டைத்தான் முதலில் எடுத்தார்கள், அதில் மேரியை முதலில் கூப்பிட்டார்கள். போனாள், வந்தாள். "நல்லாத்தான் வந்துச்சு" என்றாள். அடுத்தது நான்.

உங்களுக்கு இன்றைக்கு அந்த மாதிரி அறை பழக்கமாக இருக்கும். எனக்கு அது முதல் தடவை. கதவைச் சாத்தியதும் உலகத்திலிருந்த சத்தமெல்லாம் அறுந்துவிட்டது. சுவர் பூராவும் மெத்தை மாதிரி என்னவோ வைத்திருந்தார்கள். என் மூச்சு எனக்கே கேட்டது. எதிரில் ஒரு கண்ணாடி, அதற்குப் பின்னால் மூன்று தலை. நடுவில் மைக்கு. எங்கோ ஒரு பெட்டியிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆரம்பிங்கம்மா."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பாட்டு மறக்கவில்லை, முதல் வரி நாக்கின் மேலேயே நின்றது. என் கை இரண்டும் இடுப்புக்கு முன்னால் கோப்பையைத் தேடிக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பெட்டிக் குரல் மறுபடி வந்தது, கோபமில்லாமல்தான் வந்தது. "வெளியில போயித் தண்ணி குடிச்சிட்டு ஒக்காருங்க. ரெண்டு பேருக்கு அப்புறம் கூப்பிடறோம்."

வெளியே வந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே பாக்கியம் அழ ஆரம்பித்துவிட்டாள். "போச்சு. எல்லாம் போச்சு. இனிமே சாவற வரைக்கும் வாய மூடிக்கிட்டுக் கோப்ப தொடைக்க வேண்டியதுதான்."

மேரி, "பயப்படாதடி, ஒண்ணும் இல்ல" என்றாள். செல்லம்மா மறுபடி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். செல்லம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள், மிளகை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். பெண்களே, அன்றைக்கு எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. என் ஒருத்தியின் பயத்தால் முப்பது பேர் வாய் மூடப் போகிறது. பயப்படாதே என்று யாராவது சொன்னால் பயப்படக் கூடாது என்கிற பயமும் சேர்ந்துகொண்டது.

கைப்பிடிக்காரி என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பாஞ்சு பிடிக்கிற மாதிரி விரல் மடங்கி நடுங்கிக்கொண்டிருந்தது. "இவளுக்கு ஒடசல் குடுக்கணும்" என்றாள்.

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் கொட்டகையில் அது ஒரு வழக்கம். புதிதாக வந்தவளுக்குக் கை நடுங்கினால் நடுங்காதே என்று யாரும் சொல்ல மாட்டோம். ஏற்கெனவே விரிசல் விட்டு, கரைக்கிற தொட்டிக்குப் போக வேண்டிய பச்சைக் கோப்பைகளை அவள் முன்னால் வைப்போம். வேண்டுமென்றே கோணலாக ஒட்டு, நசுக்கு, உடை என்போம். எல்லாரும் பார்க்கத்தான் செய்ய வேண்டும். அது எப்படியும் மண்ணாகப் போவதுதானே, அதில் கெடுக்க என்ன இருக்கிறது? பத்துக் கோப்பையை நாசம் பண்ணிய பிறகு கை தானாக அடங்கிவிடும். அப்புறம்தான் நல்ல கோப்பை கொடுப்போம். பழைய ஆள்களுக்கும் வீட்டில் சண்டை, காய்ச்சல் என்று கை ஆடுகிற நாளில் ஒடைசல்தான். அதற்காக யாரும் யாரையும் கேலி செய்ததில்லை.

ஆனால் பாட்டுக்கு ஒடைசல் கொடுக்கலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை. அந்த நடையில், அத்தனை பேர் நடுவில், எனக்கு மறுபடி அழைப்பு வர இரண்டு பேர் பாடி முடிக்கிற நேரம்தான் இருந்தபோது, அவளுக்குத் தோன்றியது.

என் கையைப் பிடித்து இழுத்து வித்வான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரில் நிறுத்தினாள்.

"யக்கா, பாடு."

"இங்கயா?"

"இங்கதான். கெடுத்துப் பாடு. சுதி கிதி ஒண்ணும் இருக்கக் கூடாது. நாராசமா இருக்கணும்."

"அவங்கள்லாம் கேப்பாங்கடி!"

"கேக்கட்டும்னுதான் சொல்றேன்."

நான் மெதுவாக இரண்டு வரி பாடினேன்.

வெள்ளாத்துத் தண்ணி வந்து வரப்பெல்லாம் நனையுதடி,
வெதக்கோட்ட தூக்கி வந்த வளையலெல்லாம் சிரிக்குதடி.

"தூ! இது நல்லா இருக்குது. இதுக்கா உன்ன நிக்க வச்சேன்? கெடுக்கத் தெரியலயே உனக்கு. நான் காட்றேன் பாரு" என்று அவள் எடுத்தாள். அப்படி ஒரு பாட்டை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் நடக்கிற மாதிரி. வயலின்காரர் வில்லைக் கீழே வைத்துவிட்டார். தம்புரா பிடித்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். வித்வான் கண்ணை மூடி, "சிவ சிவா" என்றார்.

"ம், இப்ப நீ. என்னவிட மோசமா பாடலன்னா உன்ன இங்கயே வுட்டுட்டு ரயிலேறிடுவேன்."

பாடினேன். முதலில் வெட்கத்தில் குரல் தானாகவே கெட்டது. "இன்னும்" என்றாள். வேண்டுமென்றே கெடுத்தேன். "இன்னும் கெடு, வெரட்டு, கழுத மாதிரி" என்று அவளும் கூடவே கத்தினாள். அப்போது ஒரு பியூன் ஓடி வந்தார்.

"ஏம்மா, இன்னா இது? இங்க சத்தம் போடக் கூடாது தெரியுமில்ல?"

"சத்தம் இல்லிங்க ஐயா, சாதகம்" என்றாள் அவள்.

வித்வான் கண்ணைத் திறந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார். "அம்மா, வேணும்னே இவ்வளவு அபசுரம் பிடிக்கிறது லேசு இல்ல. நான் முயற்சி பண்ணாக்கூட வராது" என்றார். சொல்லிவிட்டு உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் கவனித்தேன். அவர் வேட்டியில் அந்த இடம் ஏற்கெனவே ஈரமாக இருந்தது. அவ்வளவு பெரியவருக்கும் கை வியர்க்கிறது. ஏனோ அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு வந்துவிட்டது. நானும் அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அழுதுகொண்டிருந்த பாக்கியமும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்போடேயே பாக்கியத்தை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

இதை எழுதும்போது ஒன்று உறைக்கிறது. கைப்பிடிக்காரிக்கு அப்போது இன்னும் அழைப்பு வரவில்லை. அவளும் அன்றைக்குத் தேற வேண்டும். ஐந்து பேரில் அவளும் ஒருத்தி. தன் தேர்வுக்கு முன்னால் ஒருத்தி செய்யக் கூடாத காரியம் எதுவோ அதைத்தான் செய்துகொண்டிருந்தாள், தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. பாக்கியம் வெளியே வந்து என் பெயரைக் கூப்பிட்டபோது, "போ யக்கா, இனிமே கெடுக்க ஒண்ணும் மீதி இல்ல" என்றாள். சொன்ன குரல் பாதி காற்றாகத்தான் வந்தது.

உள்ளே போனேன். பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். கதவு சாத்தினதுமே வந்துவிட்டது, அதே பயம், அதே மூச்சுச் சத்தம். ஆனால் குரல் இருந்தது. முதல் வரியை எடுத்தேன், வந்தது. இரண்டாவது வரியில் ஒன்று தெரிந்தது. பதற்றத்தில் ரொம்ப மேலே எடுத்துவிட்டேன். அந்தப் பாட்டில் நாலாவது வரி ஏறும். இப்படியே போனால் அங்கே குரல் எட்டாது, பிளந்துவிடும்.

இந்த இடத்தை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும்போது முடிவு பண்ண வேண்டும். ஒருவேளை எட்டிவிடும் என்று மனசு சொல்லும். நிறுத்தினால் அசிங்கம் என்று சொல்லும். ஏற்கெனவே ஒரு தடவை நின்றுபோனவள், மறுபடி நிறுத்தினால் வெளியே தள்ளிவிடுவார்கள் என்று சொல்லும். அன்றைக்குக் காலையில் இருந்தவளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போய் அந்த நாலாவது வரியில் விழுந்திருப்பேன். ஆனால் கால் மணி நேரத்துக்கு முன்னால் பத்துப் பேர் முன்னால் அதே பாட்டைக் கழுதை மாதிரி பாடிவிட்டு வந்தவள் நான். இதற்கு மேல் என்ன அசிங்கம்?

நிறுத்தினேன்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தலை நிமிர்ந்தது.

"ஐயா, ஒடஞ்சிடுச்சுங்க" என்றேன். கொட்டகையில் சொல்கிற மாதிரி வந்துவிட்டது.

"எது ஒடஞ்சுது?" குரல் பதறியது. மைக்கு என்று நினைத்துவிட்டார் போல.

"பாட்டுங்க. மேல எடுத்துட்டேன். வேற எடுக்கறேன்."

பெட்டியில் யாரோ சிரிக்கிற சத்தம். "எடுங்கம்மா, எடுங்க. அவசரமில்ல."

அதுவரைக்கும் முன்பின் தெரியாத ஆம்பிளையிடம் நானாக ஒரு வார்த்தை பேசினதில்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்பதற்குக்கூடப் பக்கத்தில் இருக்கிறவளைத்தான் இடிப்பேன். அந்த அறையில் நான் பேசிய நாலு வார்த்தை, பாடிய பாட்டைவிடப் பெரிசு. கீழே இறக்கி எடுத்தேன். தலை குனிந்தே இருந்தது, கை என்னவோ இல்லாத கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தது. நாலாவது வரி ஏறியது. இரண்டாவது பாட்டையும் பாடிவிட்டு வந்தேன்.

கடைசியாக அவளைக் கூப்பிட்டார்கள். சீக்கிரமே திரும்பி வந்துவிட்டாள். எப்படி இருந்தது என்று நான் கேட்டதற்கு, "தொண்டையில சரளக்கல்லு கொட்டுன மாதிரி இருந்துச்சு. ரேடியோக்காரங்களுக்கு அதுவும் தேவைப்படும் வுடு" என்று சிரித்தாள். ஐந்து பேரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். அதில் அவள் வாயசைத்ததுதான் எனக்குத் தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச முடியவில்லை. சைகையில் தண்ணீர் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். எனக்குக் குரலை எடுத்துக் கொடுத்தாளே, தனக்கு ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் கொடுத்துவிட்டாளே என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மாதம் ஆயிற்று, ஒன்றரை மாதம் ஆயிற்று. கொட்டகையில் கோப்பை வைக்கிற சத்தம் மட்டும்தான். இந்த நாள்களில் அவள் ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உன்னால்தான் என் தொண்டை போயிற்று என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லவில்லை. விளையாட்டுக்குச் சொல்லாத பேச்சே கிடையாது அவளிடம்.

ஒரு நாள் முற்பகல், சூப்பர்வைசர் ஒரு நீளமான கவரோடு கொட்டகைக்கு வந்தார். கம்பெனி விலாசத்துக்கு வந்திருந்தது. பிரிக்காமல் கொண்டு வந்திருந்தார், அது அவருடைய நேர்மை.

"ஒங்களுக்குத்தான். படிங்க" என்று நீட்டினார்.

எங்கள் ஐந்து பேரில் அஞ்சாவது வரை படித்தவள் நான்தான். எழுந்தேன். முப்பது பேரும் கையிலிருந்ததைப் பலகையில் வைத்துவிட்டார்கள். டைப் அடித்த எழுத்து. மேலே என்னவெல்லாமோ இருந்தது. கண் அதையெல்லாம் தாண்டித் தேறியவர்கள் பட்டியலுக்கு ஓடியது. என் பெயரைத் தேடவில்லை. அவள் பெயரைத் தேடினேன். மேரி. செல்லம்மா. பாக்கியம். அப்புறம் அவள் பெயர், அப்பா பெயரோடு, முழுசாக. நாலாவதாக இருந்தது.

"என்னா எழுதியிருக்குது, சொல்லித் தொலையேன்" என்றாள். பலகையின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சத்தமாகப் படித்தேன். நாலு பெயரும் சத்தமாகத்தான் வந்தது. ஐந்தாவது பெயர் வந்ததும் எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது, முணுமுணுத்தேன்.

"யாரு அது? காதுல வுழலயே" என்றாள் அவள்.

இன்னொரு தடவை படித்தேன். அப்புறம் யார் அழுதது, யார் யாரைக் கட்டிக்கொண்டது என்று சொல்ல எனக்குத் தெரியாது. பாக்கியம் ஒரு வரிசைக் கோப்பையைத் தட்டிவிட்டாள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. சூப்பர்வைசர் அதைப் பார்த்தார். சத்தம் அடங்கட்டும் என்று நின்றார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி. சொன்ன சொல்லு சொல்லுதான். பாடுங்க, கேப்போம்" என்றார்.

எல்லாரும் உட்கார்ந்தோம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான்தானே எடுத்துக் கொடுக்க வேண்டும். கோப்பையைக் கையில் எடுத்தேன், ஸ்பாஞ்சை நனைத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு எதிரிலேயே நின்றார். எனக்கு வாய் வரவில்லை. ரேடியோவில் தேறியவள்தான், ஆனாலும் வரவில்லை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

கைப்பிடிக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, நீங்க எதுர்ல நின்னா அவ பாட மாட்டா. கொஞ்சம் வெளிய போங்க."

அவர் கட்டிய கையை அவிழ்த்துவிட்டு வெளியே போனார். நான் எடுத்தேன். முப்பது பேரும் வாங்கினார்கள். வாசலுக்கு அந்தப் பக்கம் சுவரில் சாய்ந்துகொண்டு அவர் கடைசி வரைக்கும் நின்று கேட்டார் என்று பிறகு மேரி சொன்னாள். எனக்குத் தெரியாது. நான் குனிந்த தலை நிமிரவில்லை.